21 கல்லூரிகள் ஒதுக்கிய டாக்டர்: தைராய்டு பரிசோதனைக்கு வழி திறந்த சாலமன் பெர்சன்

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, ஒரு சுரப்பி இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதன் எடை சுமார் 20 கிராம். பெயர், தைராய்டு.

இந்தச் சுரப்பியில் ஊறும் பொருள் நேராக ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தோடு உடம்பு முழுவதும் ஓடுகிறது. இப்படி ஓடும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர்.

நெஞ்சு எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை எல்லாம் அது கவனித்துக்கொள்கிறது. குழந்தையின் உடம்பும் மூளையும் வளர்வதற்கும் அது வேண்டும்.

அது குறைந்தால் உடம்பு சோர்ந்துபோகும். குளிர் தாங்காது. முகம் உப்பும். தோல் வறண்டுவிடும். எதிலும் சுறுசுறுப்பு இருக்காது.

அது கூடினால்? நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். வயிறாரச் சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும்.

குறைவா, கூடுதலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று அது மிக எளிது. கையில் ஊசி குத்திச் சிறிது ரத்தம் எடுக்கிறார்கள். பிறகு ஒரு சீட்டு வருகிறது. அதில் டி-3, டி-4, டி.எஸ்.எச். என்ற எழுத்துகளும், பக்கத்தில் எண்களும் இருக்கின்றன. டாக்டர் அதைப் பார்த்து மருந்து எழுதுகிறார்.

இந்தச் சீட்டு எளிதில் வந்துவிடவில்லை. இதற்கு வழி திறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர் சாலமன் பெர்சன். இன்னொருவர் ரோசலின் யாலோ அம்மையார்.

அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சனுக்குக் கிடைக்கவில்லை. ஏன்? அதுதான் அவருடைய கதை.

மூடிய கதவுகள்

சாலமன் பெர்சன் 1918-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தகப்பனார் ரஷ்யாவிலிருந்து குடியேறியவர். மென்மயிர்த் தோலுக்குச் சாயம் போடும் தொழில் செய்தார்.

சிறுவன் சாலமனுக்குக் கூரிய புத்தி. வயலின் நன்றாக வாசிப்பான். சதுரங்கத்தில் கெட்டிக்காரன். பலகையைப் பார்க்காமலே காய்களை மனதில் வைத்துக்கொண்டு ஆடுவான். ஒரே சமயத்தில் பல பேரோடு அப்படி ஆடக்கூடியவன்!

1938-ம் ஆண்டு நியூயார்க் சிட்டி கல்லூரியில் பட்டம் பெற்றார். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார்.

ஒன்றல்ல, இரண்டல்ல. 21 கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார்.

21 கல்லூரிகளும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டன!

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பல மருத்துவக் கல்லூரிகள் யூத மாணவர்களை ஓர் அளவுக்கு மேல் சேர்ப்பதில்லை.

வேறொருவராக இருந்தால் மனம் ஒடிந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். பெர்சன் அப்படிச் செய்யவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேல்பட்டம் படித்தார். பல் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுத்தார். காத்திருந்தார்.

1941-ல் அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1945-ல் டாக்டர் ஆனார். பிறகு 2 ஆண்டுகள் ராணுவத்தில் வேலை பார்த்தார்.

1948-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தார். அது போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக அரசாங்கம் நடத்தும் ஆஸ்பத்திரி. அங்கேதான் அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது.

துடைப்ப அறையில் ஆராய்ச்சி

அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கனவே ஒரு பெண் விஞ்ஞானி வேலை பார்த்து வந்தார். அவர்தான் ரோசலின் யாலோ. பெர்சனைவிட 3 வயது இளையவர். அவரும் நியூயார்க் ஏழை யூதக் குடும்பத்துப் பெண். பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

அவருக்கும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. பெண்ணுக்குப் பௌதிகம் எதற்கு என்று நினைத்த காலம் அது. சுருக்கெழுத்துக் கற்றுக்கொண்டு காரியதரிசி வேலைக்குப் போகும்படி அவருக்கு யோசனை சொன்னார்கள். அதையெல்லாம் தாண்டி வந்தவர் அவர்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆராய்ச்சிக்கூடமாகக் கிடைத்த இடம், துப்புரவுத் தொழிலாளியின் துடைப்பமும் வாளியும் வைக்கும் சிறிய அறை! அதைச் சுத்தம் செய்து, கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு டாக்டர் துணை தேவைப்பட்டது. 1950-ம் ஆண்டு பெர்சன் வந்து சேர்ந்தார். அன்று தொடங்கிய கூட்டு 22 ஆண்டுகள் நீடித்தது.

அவர் இவருக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். இவர் அவருக்குப் பௌதிகமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.  ஒருவருக்கு ஒருவரே குரு.

துப்பறியும் அயோடின்

இருவரும் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளில் ஒன்று தைராய்டு.

அந்தக் காலத்தில் தைராய்டு நோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நோயாளியை வெறும் வயிற்றோடு படுக்க வைப்பார்கள். அசையாமல் மூச்சு விடச் சொல்வார்கள். அவர் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறார் என்று கருவியால் அளப்பார்கள். உடம்பு வேகமாக எரிகிறதா, மெதுவாக எரிகிறதா என்று அதிலிருந்து கணக்குப் போடுவார்கள்.

நோயாளி பயந்தாலும் கணக்கு மாறும். காய்ச்சல் இருந்தாலும் மாறும்.

ரத்தத்தில் உள்ள அயோடினை அளப்பது இன்னொரு வழி. ஆனால் அயோடின் கலந்த இருமல் மருந்து குடித்திருந்தால் போதும். அந்தக் கணக்கும் தவறிவிடும்.

தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைச் செய்வதற்கு அயோடின் வேண்டும். நாம் சாப்பிடும் உப்பில் அயோடின் சேர்ப்பது இதற்காகத்தான். ரத்தத்தில் வரும் அயோடினை அந்தச் சுரப்பி இழுத்து வைத்துக்கொள்ளும்.

கதிர் வீசும் அயோடின் ஒன்று உண்டு. அதை மிகச் சிறிய அளவில் உடம்புக்குள் செலுத்தினால், அது எங்கே போகிறது என்று வெளியிலிருந்தே கருவி காட்டிவிடும். துப்பறிபவன் ஆளைப் பின்தொடர்வதுபோல!

சுரப்பி ரத்தத்திலிருந்து அயோடினை எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று பெர்சனும் யாலோவும் அளந்தார்கள். வேகம் கூடினால் சுரப்பி அதிகமாக வேலை செய்கிறது. வேகம் குறைந்தால் சோம்பிவிட்டது. 1952-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

இது நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஒரு குறை இருந்தது. சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்று இதனால் தெரிந்தது. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை.

அது எப்படித் தெரியும்? ஹார்மோன் இருப்பது அவ்வளவு கொஞ்சம்! 1 கிராமை நூறு கோடி பங்காகப் பிரியுங்கள். உடம்புக்கு உடனே பயன்படக்கூடிய தைராய்டு ஹார்மோன், 1 லிட்டர் ரத்த நீரில் அப்படிப்பட்ட பங்கு சுமார் 8 முதல் 18 வரைதான் இருக்கும். அதை எந்தத் தராசில் நிறுப்பது?

விடை இன்னொரு நோயிலிருந்து வந்தது.

யாரும் நம்பாத உண்மை

அந்த நோய் நீரிழிவு. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு இன்சுலின் ஊசி போடுகிறார்கள் அல்லவா? இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். அந்தக் காலத்தில் அதை மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தார்கள்.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில், உடம்பு இன்சுலினைச் சீக்கிரம் அழித்துவிடுகிறது என்று ஒரு விஞ்ஞானி கருதினார். அது சரியா என்று பார்க்க பெர்சனும் யாலோவும் முனைந்தார்கள். இன்சுலினோடு கதிர் வீசும் அயோடினைச் சேர்த்து ஊசி போட்டார்கள்.

முடிவு நேர்மாறாக இருந்தது! முன்பே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடம்பில் அது சீக்கிரம் மறையவில்லை. நீண்ட நேரம் தங்கியது.

ஏன்?

ரத்தத்தில் ஏதோ ஒன்று இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று இருவரும் கண்டார்கள். அது எதிர்ப்புப் பொருள். நோய்க் கிருமி உடம்பில் புகுந்தால் அதைப் பிடிக்க ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அதுபோல, வெளியிலிருந்து வந்த மாட்டு இன்சுலினைப் பிடிக்கவும் உண்டாகியிருக்கிறது.

பெரிய நிபுணர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்சுலின் மிகச் சிறிய பொருள், அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாகாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. இன்னொரு பத்திரிகையும் மறுத்தது. எதிர்ப்புப் பொருள் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்த பிறகுதான் 1956-ல் அந்தப் பத்திரிகை அதை வெளியிட்டது.

21 கல்லூரிகளின் மறுப்பைப் பார்த்தவர் பெர்சன். 2 பத்திரிகைகளின் மறுப்புக்கா அஞ்சுவார்? வேலையைத் தொடர்ந்தார்.

கல்யாணப் பந்தியில் ஒரு கணக்கு

அந்தக் கண்டுபிடிப்புக்குள் இன்னொரு பெரிய கண்டுபிடிப்பு மறைந்திருந்தது. எதிர்ப்புப் பொருள் ஹார்மோனைப் பிடிக்கும் என்றால், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே!

எப்படி? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் 100 இலை போட்டிருக்கிறது. சிவப்புத் தலைப்பாகை கட்டிய 100 பேர் வருகிறார்கள். வேறு யாரும் வரவில்லை. பந்தி முழுவதும் சிவப்பாக இருக்கும்.

இப்போது தலைப்பாகை இல்லாத 100 பேர் கூடவே வருகிறார்கள். 200 பேருக்கு 100 இலைதான். எல்லோரும் முண்டியடித்து உட்கார்ந்தால், இலைக்கு முன்னால் சிவப்புத் தலைப்பாகை சுமார் 50-தான் இருக்கும்.

தலைப்பாகை இல்லாதவர்கள் 300 பேர் வந்தால்? சிவப்பு 25 ஆகிவிடும்.

ஆக, வெளியிலிருந்து வந்தவர்களை எண்ணவே வேண்டாம். பந்தியில் உள்ள சிவப்புத் தலைப்பாகைகளை எண்ணினால் போதும். வந்தவர் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம்.

இங்கே இலை என்பது எதிர்ப்புப் பொருள். சிவப்புத் தலைப்பாகைக்காரர்கள் கதிர் வீசும் ஹார்மோன். தலைப்பாகை இல்லாதவர்கள் நோயாளியின் ரத்தத்தில் உள்ள ஹார்மோன். மூன்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலக்கிறார்கள். எதிர்ப்புப் பொருளில் ஒட்டிய கதிரைக் கருவியால் எண்ணுகிறார்கள். கதிர் குறைந்தால் நோயாளியின் ஹார்மோன் அதிகம். கதிர் கூடினால் ஹார்மோன் குறைவு.

இந்த முறையில் நோயாளியின் உடம்புக்குள் கதிர் வீசும் பொருள் எதையும் செலுத்த வேண்டியதில்லை. எல்லாம் குழாயில்தான்.

இன்சுலினுக்கான எதிர்ப்புப் பொருளைக் கினிப்பன்றிகளின் உடம்பில் உண்டாக்கினார்கள். 1959-ல் மனித ரத்தத்தில் இன்சுலினை அளந்து காட்டினார்கள். 1960-ல் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள்.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவில் பலருக்கு இன்சுலின் இல்லாமல் போகவில்லை, இருந்தும் பயன்படவில்லை என்ற உண்மை அப்போதுதான் தெரிய வந்தது.

இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். இருவரும் வாங்கவில்லை. பல நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குத் தங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே கற்றுக் கொடுத்தார்கள்.

மீண்டும் தைராய்டு

1960-ம் ஆண்டிலேயே லண்டனில் ராஜர் ஈகின்ஸ் என்ற விஞ்ஞானி, இதே போன்ற தத்துவத்தைத் தாமாகவே கண்டறிந்தார். டி-4 என்ற தைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் அளந்தார். அவர் இலையாகப் பயன்படுத்தியது, ரத்தத்திலேயே இருக்கும் ஒரு புரதத்தை.

1965-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பெர்சன்-யாலோ முறையில் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அளந்தார்கள். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டி-3, டி-4 இரண்டையும் அதே முறையில் அளந்துவிட்டார்கள்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் ஊறுவது அல்ல. மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. அது மேஸ்திரி மாதிரி. தைராய்டுதான் வேலையாள். மேஸ்திரி போடும் அதட்டல்தான் டி.எஸ்.எச்.

வேலையாள் சோம்பினால் மேஸ்திரி பலமாக அதட்டுவார். அப்போது ரத்தத்தில் டி.எஸ்.எச். ஏறும். வேலையாள் அளவுக்கு மீறி வேலை செய்தால் மேஸ்திரி வாயை மூடிக்கொள்வார். டி.எஸ்.எச். இறங்கிவிடும்.

ஆகவே, டி.எஸ்.எச். கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவு என்று பொருள். பலர் இதைத் தலைகீழாக எண்ணிக்கொள்கிறார்கள்.

டி-4 இன்னும் சரியாக இருக்கும்போதே டி.எஸ்.எச். ஏறத் தொடங்குவதும் உண்டு. நோய் முற்றுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும்.

சில சமயம் மேஸ்திரியே நோயில் படுத்துவிடுவார். அப்போது டி-4 குறைந்திருக்கும், டி.எஸ்.எச்.சும் ஏறாது. கர்ப்பிணிகளுக்குச் சரியான அளவு வேறு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்துத் தாமாக மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. டாக்டர் ஆளையும் பார்க்க வேண்டும், எண்ணையும் பார்க்க வேண்டும்.

குதிகாலில் ஒரு துளி

இந்தப் பரிசோதனையால் மிகப் பெரிய நன்மை அடைந்தவர்கள் பச்சைக் குழந்தைகள்.

2000 முதல் 4000 குழந்தைகள் பிறந்தால், அவர்களில் ஒரு குழந்தைக்குத் தைராய்டு சரியாக வேலை செய்யாமல் இருக்கும். பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சாதாரணக் குழந்தை போலவே இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல மூளை வளர்ச்சி குன்றும். நோய் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். பிறகு மருந்து கொடுத்தும் இழந்தது முழுவதும் திரும்பாது.

1970-களில் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில், ழான் டுசோ என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தைத் தாளில் ஒற்றி எடுத்தார். காய்ந்த அந்தத் துளியில் தைராய்டு ஹார்மோனை அளந்தார். அதற்கு உதவியது பெர்சன்-யாலோ முறைதான்.

குறை உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்குள்ளாகவே மருந்து தொடங்கினால், அது மற்றக் குழந்தைகளைப்போல வளரும், படிக்கும். இன்று பல நாடுகளில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை நடக்கிறது.

பரிசு வந்தது, ஆள் இல்லை

1968-ல் பெர்சன், நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். 21 கல்லூரிகள் ஒதுக்கிய மாணவர், ஒரு கல்லூரியில் டாக்டர்களுக்கே தலைவர் ஆகிவிட்டார்! புதிய பதவியிலும் ரோசலின் அம்மையாரோடு ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

1971-ல் கனடாவின் புகழ்பெற்ற கெய்ர்ட்னர் விருது இருவருக்கும் கிடைத்தது. அடுத்து நோபல் பரிசுதான் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

1972 ஏப்ரல் மாதம் அட்லாண்டிக் சிட்டி நகரில் விஞ்ஞானிகள் மாநாடு நடந்தது. பெர்சன் அதற்குப் போயிருந்தார். ஏப்ரல் 11-ந் தேதி திடீரென்று மாரடைப்பு வந்தது. அங்கேயே உயிர் பிரிந்தது.

அவருக்கு 54 வயது நிறைவதற்கு இன்னும் 11 நாட்கள்தான் இருந்தன. மனைவியையும் இரண்டு மகள்களையும் விட்டுச் சென்றார்.

ரோசலின் அம்மையார் இடிந்துபோனார். மூளை பெர்சனுடையது, அம்மையார் உதவியாளர்தான் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர் தளரவில்லை. தொடர்ந்து ஆராய்ச்சி செய்தார்.

அதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பிராங்ஸ் ஆஸ்பத்திரியில் தங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சாலமன் பெர்சன் ஆராய்ச்சிக்கூடம் என்று பெயர் வைக்கச் செய்தார். எதற்காக? தாம் இனி எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் ஆராய்ச்சிக்கூடத்தின் பெயர் வரும். பெர்சனின் பெயரும் கூடவே வரும்!

1977-ல் ரோசலின் அம்மையாருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்தில் அந்தப் பரிசைப் பெற்ற 2-வது பெண் அவர். பரிசில் பாதி அவருக்கு. மறு பாதியை கில்லமின், ஷாலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் பகிர்ந்துகொண்டார்கள். மேஸ்திரியான பிட்யூட்டரிக்கே மூளையிலிருந்து கட்டளை வருகிறது என்று காட்டியவர்கள் அவர்கள். அப்படி அவர்கள் முதலில் பிரித்தெடுத்த பொருள், தைராய்டு வேலைக்கான கட்டளைதான்!

இறந்தவர்களுக்கு நோபல் பரிசு கொடுப்பதில்லை. அதனால் பெர்சனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ரோசலின் அம்மையார் 2011-ம் ஆண்டு 89 வயதில் காலமானார்.

இன்று பெரும்பாலான ஆராய்ச்சிக்கூடங்களில், கதிர் வீசும் பொருளுக்குப் பதிலாக ஒளிவிடும் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். சிவப்புத் தலைப்பாகைக்குப் பதில் வேறு அடையாளம். ஹார்மோனைப் பிடித்துக் கொடுப்பது அதே எதிர்ப்புப் பொருள்தான்.

உலகத்தில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இந்த நேரத்தில் ஒரு குழந்தையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குழந்தை நாளை பள்ளிக்கூடம் போகும். புத்தகம் படிக்கும். டாக்டர் ஆகவும் விரும்பலாம்.

21 கல்லூரிகள் கதவை மூடியபோது சாலமன் பெர்சன் திரும்பிப் போயிருந்தால், அந்தக் குழந்தையின் கதி என்ன ஆகியிருக்கும்?